பச்சை அம்பு ஒட்டிய சிடுமூஞ்சி அக்கா

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மொத்தம் ஐந்து ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த பதிவு எழுத்தருக்கு, வெளியே வரிசையில் நின்றவர்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி அக்கா. அந்தப் பெயர் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டே 'வேலை இல்லை' என்று சொல்வதைவிட முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வதுதான் நின்றவனுக்குச் செய்யும் மரியாதை என்பது அவள் கட்சி. முதல் ஜன்னலில் இருந்தவர் எல்லாரிடமும் சிரிப்பார். அவரிடம் போய்விட்டு வந்தவர்கள் ஆறு மாதம் நம்பிக்கையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அக்காவிடம் வந்தவர்கள் அன்று மாலையே வேறு எங்காவது விசாரிக்கப் போய்விடுவார்கள்.

வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒரு பெரிய பலகை இருந்தது. இடது பக்கம் 'வளரும் தொழில்கள்', வலது பக்கம் 'தேயும் தொழில்கள்'. வருடத்துக்கு ஒரு முறை தலைமையகத்திலிருந்து கனத்த உறை ஒன்று வரும். அதற்குள் ஒரு பட்டியலும், ஒட்டுவதற்குப் பச்சை அம்பும் சிவப்பு அம்பும் இருக்கும். கொஞ்சம் வளரும் தொழிலுக்கு ஒரு பச்சை அம்பு, நன்றாக வளர்வதற்கு இரண்டு, பிய்த்துக்கொண்டு போவதற்கு மூன்று. ஸ்டூல் மேல் ஏறி அவற்றை ஒட்டுவது அக்காவின் வேலை. யாரும் அவளுக்கென்று எழுதித் தந்த வேலை இல்லை. அலுவலகத்திலேயே உயரமானவள் என்பதால் முதல் வருடம் சொன்னார்கள், அப்படியே தலையில் விழுந்துவிட்டது.

அந்தப் பட்டியலின் லட்சணத்தை அவளைவிட அறிந்தவர்கள் கிடையாது. அவள் வேலையில் சேர்ந்த வருடம் தட்டச்சுக்கு மூன்று பச்சை அம்பு. அதே வருடம்தான் அவர்கள் அலுவலகத்தின் தட்டச்சு இயந்திரங்களையெல்லாம் ஏலத்தில் விட்டார்கள். அடுத்து வந்தது தொலைபேசிச் சேவை மையம். ஊரில் பாதிப் பேர் மூக்கால் பேசக் கற்றுக்கொண்டார்கள். கற்று முடித்த நேரத்தில் போனை எடுத்து இயந்திரமே பேச ஆரம்பித்துவிட்டது. ஒரு வருடம் சிவப்பு அம்பு வாங்கிய தொழில் மறு வருடம் பச்சைக்குத் தாவும். அதைப் பற்றி ஒரு வரி விளக்கம் இருக்காது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த உறைக்குள்ளிருந்து ஒரு முறைகூட ஒரு துண்டுச் சீட்டு வந்ததில்லை. ஜோசியக்காரன்கூடப் பலிக்காவிட்டால் தெரு மாறிப் போய் உட்காருவான், இவர்களுக்கு அந்த வெட்கமும் இல்லை என்பாள் அக்கா.

அவள் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். பட்டியலைப் பார்த்தால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டே அக்காவுக்குப் பாடம் எடுப்பார். "ஒரு வேலைய ஊர்லயே ரெண்டு பேருதான் செய்றாங்க. அடுத்த வருஷம் நாலு பேரு. நூறு சதவீத வளர்ச்சி. மூணு அம்பு ஒட்டிடு. இன்னொரு வேலைல அஞ்சாயிரம் பேரு, அதுல நூறு பேரு கொறஞ்சாச்சு. தேயுது, செவப்பு ஒட்டு. ஆனா அந்த அஞ்சாயிரத்துல வருஷா வருஷம் முந்நூறு பேரு வயசாகி வீட்டுக்குப் போறான் பாரு, அந்த எடத்துல ஆள் வேணுமில்ல? அத எந்த அம்பும் சொல்லாது."

அக்கா சிரிப்பாள். மறுநாள் அலுவலகம் போய் ஸ்டூலில் ஏறி, அம்புகளை ஒட்டிவிட்டு இறங்குவாள். வீட்டில் கிண்டல், ஆபீசில் ஒட்டல். அந்த இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறாள் என்பது இருபது வருடம் அவளுக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் ஆலோசகர் வந்தார். தலைமையகம் காசு கொடுத்து அமர்த்திய கம்பெனியைச் சேர்ந்தவர். பளபளக்கும் காலணி, கையில் படம் மாற்றும் கருவி, தனக்கென்று கொண்டுவந்த தண்ணீர். வேலை தேடி வந்தவர்கள் நின்ற வரிசையைக் கடக்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார், அதே வழியாகப் போனார். நடுவில் ஒன்றரை மணி நேரம் சுவரில் படம் காட்டினார். ஊருக்கு வெளியே மின்சார வண்டிகளுக்கான பேட்டரித் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது. ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படும். இப்போதே நானூறு பேரைப் பயிற்சிக்கு அனுப்பாவிட்டால் ரயிலைத் தவறவிட்டவர்கள் ஆகிவிடுவோம். தேயும் தொழில்களின் பட்டியலும் காட்டினார். தையல், அச்சு, வீட்டு வேலை, சலவை, பம்பு மோட்டார் ரிப்பேர். எல்லாவற்றுக்கும் சிவப்பு.

அலுவலகத்தின் பெரிய அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்த மனிதர். வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கண் கலங்கும். கேள்வி ஏதாவது உண்டா என்று ஆலோசகர் மரியாதைக்குக் கேட்டபோது அக்கா எழுந்தாள். இதை எத்தனை பேரிடம் விசாரித்தீர்கள் என்று கேட்டாள்.

"இது விசாரிக்கறது இல்ல மேடம். இது மாடல்" என்றார் ஆலோசகர்.

அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மாடலாம் மாடல் என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா உட்கார்ந்தாள். அந்த வாரமே வந்த அந்த வருடத்து உறையில் பேட்டரிக்கு மூன்று பச்சை அம்பு இருந்தது. ஒட்டினாள்.

அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்ப்பவன். சந்தைக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறை, தரை முழுக்க எண்ணெய்க் கறை, சுவரில் வரிசையாகச் செம்புக் கம்பிச் சுருள்கள். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். வேலைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அவன் மனைவிக்குத்தான் மனக்குறை. மகளின் பள்ளியில் அப்பா என்ன வேலை என்று எழுதும் இடத்தில் மோட்டார் ரிப்பேர் என்று எழுத வேண்டியிருக்கிறதே என்று. அந்தப் பலகையை அவளும் பார்த்திருந்தாள். பேட்டரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கணவனை இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, நீங்களே ஒட்டி வச்சிருக்கீங்க. இவரு தொழிலுக்குச் செவப்பு, அதுக்கு மூணு பச்சை. இன்னும் என்ன யோசன?" என்றாள்.

தம்பி மனைவியைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"அக்கா, நீ அந்த ஆபீஸ்ல இருக்கறவ. நெஜமாவே வருமா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அக்காவுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு. அடுத்தவனுக்கு வரும்போது கிண்டலாகத் தெரிந்த அம்பு, உடன்பிறந்தவனுக்கு என்று வந்தபோது கிண்டலாகத் தெரியவில்லை. ஒருவேளை இந்த முறை சரியாக இருந்தால்? இவன் மட்டும் எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டால்? தவிர, தம்பி வெள்ளைச் சட்டையோடு வேலைக்குப் போவதைப் பார்க்க அவளுக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"தலைமையகமே சொல்லுது. ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதியிருக்காங்க" என்றாள். படிவத்தை அவளே பூர்த்தி செய்தாள்.

அவர்கள் போன பிறகு வாத்தியார், உனக்கே நம்பிக்கை இல்லாததை அவனுக்கு எதற்கு விற்றாய் என்று மட்டும் கேட்டார். அக்கா எரிந்து விழுந்தாள்.

தம்பி கடையைக் காலி செய்தான். மூன்று வாரத்தில் அந்த அறையில் செல்போன் உறை விற்கும் கடை வந்துவிட்டது.

பயிற்சி எட்டு மாதம் நடந்தது. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நானூறு பேரைப் பத்துக் குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, கழுத்தில் அட்டை. வாரம் ஒரு முறை போட்டோ. நாற்பது பேருக்கு ஒரு பேட்டரி. அதையும் திறக்கக் கூடாது, திறந்தால் உத்தரவாதம் போய்விடுமாம். எனவே எட்டு மாதமும் அதன் வெளிப்புறத்தைப் பற்றியே படித்தார்கள். பாடம் எடுத்தவர் அதற்கு முந்தைய வருடம் வரை அழகுக்கலைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தவர். குரல் நன்றாக இருக்கும். கடைசி நாளில் ஆலோசகர் வந்து, எதிர்காலம் உங்கள் கையில் என்று சொல்லி, கையில் சான்றிதழைக் கொடுத்தார்.

தொழிற்சாலை வந்தது. அதில் பொய் இல்லை. ஊருக்கு வெளியே ரயில் நிலையம் போல் நீளமாக ஒரு வெள்ளைக் கட்டடம். உள்ளே வேலை செய்ய இயந்திரங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பொறியாளர்கள், அவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். சான்றிதழ் வாங்கிய நானூறு பேரில் முப்பத்தொரு பேரை எடுத்தார்கள். பெட்டி கட்டவும் தரை துடைக்கவும் இருபத்தைந்து பேர். மீதி ஆறு பேர் வாசல் காவலுக்கு.

அந்த ஆறு பேரில் ஒருவன் அக்காவின் தம்பி. மூன்று பச்சை அம்பு அவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் பேட்டரித் தொழிற்சாலையின் வெளிக் கேட்டு. பேட்டரி எப்படி இருக்கும் என்று பயிற்சியில் பார்த்ததோடு சரி. மகளின் பள்ளியில் எழுதும் இடத்தில் இப்போது 'பேட்டரி தொழிற்சாலை' என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் அங்கே யாரும் கேட்கவில்லை என்பது அவன் மனைவிக்குப் பெரிய நிம்மதி.

தம்பி அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போனாள். கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன. தம்பி நீலச் சீருடையில், கையில் அட்டையோடு வண்டி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஒரு கார் வந்தது. குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். காருக்குள் இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

அக்கா அருகே போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு நோட்டை நீட்டினான்.

"பார்வையாளருன்னா பேரெழுதிக் கையெழுத்துப் போடணும், மேடம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். எதற்கு இத்தனை லாரி என்று கேட்டாள். அவன் அடுத்த லாரியின் எண்ணை எழுதிக்கொண்டே சொன்னான். உள்ளே தண்ணீர் ஏற்றும் பெரிய மோட்டார் நின்று மூன்று நாள் ஆகிறது. வெளியூரிலிருந்து கம்பெனி ஆள் வர இன்னும் நான்கு நாள் ஆகுமாம். நிற்பதற்கு முன் அது போட்ட சத்தத்தைக் கேட்டபோதே கோளாறு எதுவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அரை மணி நேர வேலை. போய் மேலாளரிடம் சொன்னான்.

"என்ன சொன்னாரு?"

"நீ கேட்டைப் பாருன்னு சொன்னாரு."

அவ்வளவுதான் பேச்சு. அவன் அடுத்த லாரிக்குப் போய்விட்டான். அக்கா கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். லாரிக்காரர்களுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி பஸ் ஏறினாள். வழி நெடுக அவள் திட்டியது ஆலோசகரை அல்ல, அதிகாரியையும் அல்ல. தன் உயரத்தைத்தான் திட்டினாள். எட்டி ஒட்டுவதற்குக் கை இருந்ததே தவிர எடுத்துப் போடுவதற்கு இல்லாமல் போயிற்றே என்று.

மறுநாளிலிருந்து அக்கா மதிய இடைவேளையில் அலுவலகத்தில் உட்காரவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையிடத்து வாசலிலும் போய் நின்றாள். மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி, சலவைக்கூடம், பேருந்துப் பணிமனை. உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் நிறுத்தி, இரண்டே கேள்வி கேட்டாள். போன மாதம் இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள்? எத்தனை பேர் வந்தார்கள்? முதலாளிகளைக் கேட்கவே இல்லை. முதலாளிகளைக் கேட்டால் வளர்ச்சி என்பார்கள். வாசல் காவலாளி, கேன்டீன்காரர், வருகைப் பதிவு எழுதுகிறவர், இவர்களைக் கேட்டாள். அவர்களுக்கு விரல் நுனியில் கணக்கு இருந்தது. வாத்தியார் மாலையில் அவற்றைக் கூட்டிக் கழித்துக் கொடுத்தார். இருபது வருடமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் நடந்த பாடத்துக்கு முதல் முறையாக ஒரு பயன் வந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் பலகை தலைகீழாக நின்றது. பச்சை அம்பு வாங்கிய தொழில்களில் பாதியில் மாதத்துக்கு ஒரு ஆள்கூட எடுக்கவில்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஊரெங்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தலைமையகத்துக்கு அது ஒரு தொழிலாகவே தெரியவில்லை. லிஃப்ட் கம்பெனியில் கிழவர்களைக் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தார்கள். மோட்டார் ரிப்பேர்க்காரர்கள் ஊரில் மொத்தம் பத்தொன்பது பேர். அதில் பதினான்கு பேருக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. மோட்டார் பழுதானால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தேய்ந்தது தொழில் இல்லை, ஆட்களின் முழங்கால்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா ஸ்டூலில் ஏறினாள். அம்பு ஒன்றையும் தொடவில்லை. பலகைக்குப் பக்கத்தில், தன் கையெழுத்தில் ஒரு முழுத் தாளை ஒட்டினாள். எந்த வாசலில், போன மாதம் எத்தனை பேரை எடுத்தார்கள், என்ன தெரிந்திருக்க வேண்டும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். எதிர்காலம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மதியத்துக்குள் தாளுக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. அந்தப் பளபளப்பான பலகைமேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு தாளைப் படித்தார்கள். சாய்ந்ததில் இரண்டு மூன்று பச்சை அம்புகள் சட்டைகளில் ஒட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டன.

அந்தத் தாளும் ஒரு முறை கவிழ்த்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். தங்கும் விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அக்கா எழுதியதைப் பார்த்து ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். ஆறாவது வாரம் விடுதியையே பூட்டிவிட்டார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி, முன்பு ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாவது ஜன்னலுக்கு வந்து வரிசையில் எல்லாரும் கேட்க அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தாள். இருந்த வேலையை உன் பேச்சைக் கேட்டு விட்டேன் என்றாள். அக்கா எழுந்து பலகைக்குப் போனாள். தாளை எடுத்து, சலவைக்கூடத்தின் வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'இது என் தப்பு. முதலாளி கடனில் இருப்பதை விசாரிக்காமல் எழுதிவிட்டேன்' என்று எழுதி மறுபடி ஒட்டினாள். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனாள்.

பெரிய அதிகாரி அதையும் படித்தார். உடனே அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"இத யாரு அனுமதியோட ஒட்டினீங்க?"

"பச்சை அம்ப யாரு அனுமதியோட ஒட்டினேனோ, அவங்ககிட்டதான் கேக்கணும் சார்."

"அது தலைமையகத்துப் பட்டியல்மா. ஆதாரம் இருக்கு. இப்படித் தப்புனு கையால எழுதி ஒட்டினா, ஆபீசப் பத்தி ஜனங்க என்ன நெனப்பாங்க?"

"நானூறு பேர அனுப்பினோம் சார். முந்நூத்தி அறுபத்தொம்பது பேரு என்ன ஆனாங்கன்னு இந்த ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர்களுக்குத் திறன் கூடியிருக்கிறது என்றார். வழவழவென்று இன்னும் ஏதேதோ சொன்னார். மறுநாள் அக்காவை அலுவலகத்தின் பின்பக்கம் இருந்த பதிவறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. ஜன்னலே இல்லாத அறை. தாளைக் கிழித்துவிட்டார்கள். அக்கா அசரவில்லை. எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், வேலை தேடி வருகிறவர்களின் சான்றிதழ்களை நகல் எடுத்தே பிழைப்பவர். தன் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பதினைந்து நாளைக்கு ஒரு புதுத் தாள். ஜன்னல்களுக்கு எதிரே இருந்த வரிசை மெல்ல மெல்லத் தெருவைத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்குப் போனது.

தம்பி இதற்குள் சீருடையைக் கழற்றிவிட்டான். அக்காவின் தாளைப் பார்த்து அல்ல. ஒருநாள் காருக்குச் சல்யூட் அடிக்கும்போது கையில் குடை இருந்ததால் சரியாக விறைக்கவில்லை என்று மேலாளர் விளக்கம் கேட்டிருக்கிறார். விளக்கம் எழுதப் பேனாவை எடுத்தவன், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். கடை வைக்க இடமில்லை. ஒரு தோள்பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒரே மாதத்தில் அவனுக்காக வரிசை நின்றது. அவன் மனைவி முதலில் ஒப்பாரி வைத்தாள். பிறகு போனில் வரும் அழைப்புகளைக் குறித்து வைக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில், "அதெல்லாம் இன்னிக்கி முடியாதுங்க, முன்னாடியே சொல்லணும்" என்று பெரிய டாக்டரின் நர்ஸ் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வருடத்து உறை வந்தபோது அக்கா பதிவறையில் இருந்தாள். புதிதாக ஒட்டும் பொறுப்பு ஏற்றவர் குள்ளமானவர், ஏணி வைத்து ஒட்டினார். பேட்டரியைக் காணோம். சிவப்பிலும் இல்லை, பச்சையிலும் இல்லை. சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மூன்று பச்சை அம்போடு புதிதாக ஒரு பெயர்: 'நீர்மேலாண்மைத் தொழில்நுட்பவியலாளர்'. அக்கா இரண்டு முறை படித்தாள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது. கட்டடங்களில் நீரேற்றும் கருவிகளைப் பராமரிப்பவர். மோட்டார் ரிப்பேர்க்காரன்தான். கோட்டு சூட்டு மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் தாளை ஜெராக்ஸ் கடைச் சுவரிலிருந்து யாரோ போட்டோ எடுத்துக்கொண்டு போனதாகக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு நாளில் பெரிய அதிகாரியே பதிவறைக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. விளக்குச் சுவிட்ச் எங்கே என்று தேடினார். புதிய தொழிலுக்கு எட்டு மாதப் பயிற்சி ஆரம்பிக்கிறார்களாம். விஷயம் தெரிந்தவர்கள் யாரும் கிடைக்கவில்லை. அக்காவின் தம்பி நல்ல கைக்காரர் என்று கேள்விப்பட்டாராம்.

"பாடம் எடுக்கக் கூப்பிடறீங்களா சார்?"

"எடுக்கலாம்மா. ஆனா ஒரு சிக்கல். பாடம் எடுக்கணும்னா இந்தப் பயிற்சியோட சான்றிதழ் இருக்கணும். அதனால மொதல்ல அவரு மாணவரா சேர்ந்து முடிக்கட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

இந்த ஆண்டு யார் பாடம் எடுப்பார் என்று அக்கா கேட்டாள். போன முறை பேட்டரிக்கு எடுத்தாரே, அவர்தான் என்றார் அதிகாரி. குரல் நன்றாக இருக்கும்.

அக்கா இதைச் சொல்லத் தம்பி வீட்டுக்குப் போனாள். சுமார் இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறினாள். தம்பி கூடத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். சொல்வதை எல்லாம் தலை நிமிராமல் கேட்டான். பாடம் எடுக்கப் போகிறவர் யார் என்று சொன்ன இடத்தில் அவன் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, தாகம் தீர ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னான்:

"அவங்கள விடு. அவங்க அப்படித்தான். நீ தெரிஞ்சே சொன்ன பாரு, அதுதான்க்கா எனக்கு ஆறவே இல்ல."

"தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அக்கா குடித்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா மூன்று வருடம் பதிவறையில் இருந்து ஓய்வு பெற்றாள். பெரிய அதிகாரி அதற்கு முன்பே ஓய்வு பெற்று, ஆலோசகரின் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார். வளரும் தொழில் எது என்பதை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சரியாகக் கணித்திருந்தார் என்று வாத்தியார் சொன்னார். நீர்மேலாண்மைத் தொழில்நுட்பவியலாளர்கள் முந்நூறு பேர் சான்றிதழ் வாங்கி வெளியே வந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு உண்மையிலேயே தொழில் மேல் பிடிப்பு இருந்தது. அந்த நால்வரும் தம்பியிடம் வந்து, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். ஜெராக்ஸ் கடைச் சுவரில் தாள் இன்னும் வருகிறது. இப்போது வாசல்களில் போய் விசாரிப்பவள், சலவைக்கூடம் மூடியபோது அக்காவை வரிசைக்கு முன்னால் திட்டிய அந்தப் பெண். லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறாள். அக்கா எழுதியதை அவள் சரிபார்க்காமல் ஒட்ட விடுவதில்லை.

போன கோடையில் அக்காவின் குடியிருப்பிலேயே மோட்டார் நின்றுவிட்டது. அக்கா தம்பிக்கு போன் செய்தாள். எடுத்தது அவன் மனைவி. எந்தக் கட்டடம், எத்தனை மாடி, எப்போதிலிருந்து என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். குரலைத் தெரிந்துகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு முன்னாடி பதினோரு வீடு இருக்கு, அண்ணி. வியாழக்கிழமதான் வர முடியும்" என்றாள் கடைசியில்.

சரி என்று அக்கா போனை வைத்தாள். குடியிருப்புக்காரர்கள் எல்லாம் சேர்ந்து, சொந்தத் தம்பிதானே, ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே வரமாட்டாரா என்று பிடுங்கினார்கள். வரிசைப்படிதான் வருவான் என்று சிடுசிடுத்துவிட்டு, அக்கா இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வாத்தியார் இன்னொரு வாளியோடு பின்னால் வந்தார். அடிபம்பில் பிடித்து நான்கு மாடி ஏற்ற வேண்டும். வியாழக்கிழமை வரை தினம் எட்டு நடை ஏறி இறங்கினார்கள்.